‘லே ஆஃப்’ என்றால் ‘பணிநீக்கம்’ இல்லை! ஒரு வார்த்தையில் தொலைந்துபோன சம்பளக் கணக்கு

ஒரு போன் காலைக் கற்பனை செய்து பாருங்கள். பெங்களூருவில் ஐடி கம்பெனியில் வேலை பார்க்கும் பையன், ராத்திரி ஒன்பது மணிக்கு வீட்டுக்குப் பேசுகிறான். சொந்த ஊர், தூத்துக்குடி மாவட்டம் புதியம்புத்தூர். அம்மா வீட்டிலேயே மெஷின் போட்டு ரெடிமேட் தைப்பவர்.

“யம்மா, என்னைய லே ஆஃப் பண்ணிட்டாவ.”

“அப்படின்னா என்னய்யா?”

“வேலை இல்லன்னு அனுப்பிட்டாவ.”

“சரி விடு, சீசன் டல்லாக்கும். திரும்ப எப்பக் கூப்பிடுவாவ?”

பையனிடம் பதில் இருக்காது. “அப்படியெல்லாம் கூப்பிட மாட்டாவம்மா” என்று சொல்லிவிட்டு, அம்மாவுக்கு ஐடி உலகம் புரியவில்லை என்று நினைத்துக்கொள்வான். ஆனால், ‘லே ஆஃப்’ என்ற சொல்லின் பழைய அர்த்தத்தையும் இந்தியச் சட்டம் அதற்குக் கொடுத்திருக்கும் அர்த்தத்தையும் எடுத்துப் பார்த்தால், ஆங்கிலம் தெரியாத அந்த அம்மா கேட்ட கேள்விதான் சரியான கேள்வி.

சொல்லுக்குள் என்ன இருக்கிறது?

ஆங்கிலத்தில் இதை ‘ஃப்ரேசல் வெர்ப்’ என்பார்கள். ஒரு சாதாரண வினைச்சொல்லோடு ‘ஆஃப்’, ‘அப்’, ‘அவுட்’ மாதிரி ஒரு குட்டிச் சொல் ஒட்டிக்கொண்டால் அர்த்தமே மாறிவிடும். ‘லே’ என்றால் வை, கிடத்து. ‘ஆஃப்’ சேர்ந்தால், கொஞ்சம் தள்ளி வை, ஒதுக்கி வை. தமிழில் ‘தள்ளு’ வேறு, ‘தள்ளி வை’ வேறு இல்லையா, அந்த மாதிரி.

பேச்சு வழக்கில் இதற்கு மூன்று நான்கு முகங்கள். சுகர் ஏறிவிட்டது, டாக்டர் ‘லே ஆஃப் ஸ்வீட்ஸ்’ என்கிறார்: இனிப்பைக் கொஞ்ச நாள் விட்டு வை. நண்பனை ஒருவன் சும்மா சும்மா சீண்டுகிறான், ‘லே ஆஃப் ஹிம்’ என்றால் அவனை விடுப்பா. கிரிக்கெட் கமென்ட்ரியில் ‘ஆஃப்டர் எ லாங் லே ஆஃப்’ என்று அடிக்கடி காதில் விழும். 2022 டிசம்பர் 30-ஆம் தேதி கார் விபத்தில் சிக்கிய ரிஷப் பந்த், 2024 ஐபிஎல்லில் மறுபடி களமிறங்கினார். நடுவில் இருந்த அந்த ஒரு வருடத்துக்கும் மேலான காலம்தான் லே ஆஃப். அதை யாரும் ‘பந்த்தை நீக்கிவிட்டார்கள்’ என்று மொழிபெயர்க்கவில்லை.

இலக்கணம் பற்றியும் ஒரு வரி. ‘லே’யின் இறந்தகாலம் ‘லெய்ட்’. எனவே ‘ஐ வாஸ் லெய்ட் ஆஃப்’. வாட்ஸ்அப்பிலும் லிங்க்ட்இன்னிலும் உலவும் ‘லே ஆஃப்டு’ தப்பு. தமிழில் பேசும்போது ‘லே ஆஃப் ஆயிட்டேன்’, ‘லே ஆஃப் பண்ணிட்டாங்க’ எல்லாம் நம் ஊர் வழக்கு, அதில் தப்பு ஒன்றும் இல்லை.

இனிப்போ, சீண்டலோ, விளையாட்டோ, எல்லாவற்றிலும் ஒரு இடைவெளி மட்டும் தெரிகிறது. அப்புறம் திரும்பலாம். வேலை விஷயத்திலும் இந்தச் சொல் அப்படித்தான் தொடங்கியது. ஆர்டர் இல்லை, சரக்கு தேங்கிக் கிடக்கிறது, கொஞ்ச நாள் வீட்டில் இரு, வேலை வந்ததும் கூப்பிடுகிறோம். அமெரிக்க கார் தொழிற்சாலைகளில் நீண்ட காலம் இந்த அர்த்தம்தான் ஓடியது. 20-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பெரிய கம்பெனிகள் ஆட்களை மொத்தமாக அனுப்பத் தொடங்கியபோது, காதுக்கு மென்மையாக இருந்த இதே சொல்லை எடுத்துக்கொண்டன. சொல் அப்படியே இருந்தது, ‘கூப்பிடுகிறோம்’ மட்டும் காணாமல் போனது.

அமெரிக்காவிலேயே இந்தக் குழப்பம் முழுசாகத் தீரவில்லை. அங்கே அரசுப் புள்ளிவிவரத்தில் ‘தற்காலிக லே ஆஃப்’ என்று தனிக் கணக்கு வைத்திருக்கிறார்கள். கொரோனா உச்சத்தில், 2020 ஏப்ரலில், அந்தக் கணக்கில் மட்டும் சுமார் 1.8 கோடி பேர் இருந்தார்கள். ‘தற்காலிக’ என்று முன்னால் ஒட்டவைக்க வேண்டியதாகிவிட்டது என்பதே சொல் எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்பதற்குச் சாட்சி.

மில்லில் பிறந்த சட்டம்

இந்தியாவில் இது வெறும் டிக்‌ஷனரி விவகாரம் இல்லை. 1953-இல் ஜவுளி ஆலைகளில் துணி தேங்கி, ஷிப்டுகளை மூடும் நிலை வந்தது. அப்போதுதான் 1947-ஆம் ஆண்டு தொழிற்தகராறு சட்டத்தில் லே ஆஃப், ஆட்குறைப்பு இரண்டுக்கும் நஷ்டஈடு தரும் பிரிவுகள் சேர்க்கப்பட்டன. அந்தச் சட்டத்தில் லே ஆஃப் என்றால் இதுதான்: நிலக்கரி இல்லை, மின்சாரம் இல்லை, மூலப்பொருள் இல்லை, சரக்கு தேங்கிவிட்டது, மெஷின் ரிப்பேர், இயற்கைப் பேரிடர் போன்ற காரணங்களால், வருகைப் பதிவேட்டில் பெயர் உள்ள தொழிலாளிக்கு முதலாளியால் வேலை கொடுக்க முடியாமல் போவது. பெயர் பதிவேட்டிலேயே இருக்கும். அவர் அந்த மில்லின் ஆள்தான். வேலை இல்லாத நாட்களுக்கு அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்ததில் பாதி கொடுக்க வேண்டும். பதிலி ஆட்களுக்கும் கேஷுவல் ஆட்களுக்கும் இது கிடையாது, ஒரு வருடம் தொடர்ந்து வேலை பார்த்திருக்க வேண்டும்.

இதில் ஒரு சின்ன நிபந்தனை உண்டு. லே ஆஃப் காலத்தில் தொழிலாளி தினம் ஒரு தடவையாவது, சொன்ன நேரத்துக்கு ஆலைக்கு வந்து தலைகாட்ட வேண்டும். வராவிட்டால் அன்றைய பாதிச் சம்பளம் போச்சு. இன்றைய ஐடி ‘லே ஆஃப்’பில் என்ன நடக்கிறது? காலையில் லாகின் ஆகவில்லை, கேட்டில் ஐடி கார்டு பச்சை காட்டவில்லை, அப்புறம்தான் மெயிலே வருகிறது. தினமும் கேட்டுக்கு வா என்று சொன்ன சொல்லும், கேட்டுக்குள் வராதே என்று சொல்லும் சொல்லும் ஒன்றாம்!

கோவில்பட்டியில் லாயல் மில், லட்சுமி மில் சங்கொலி கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு இந்த வித்தியாசத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. மில் ஊர்களில் ‘லே ஆஃப் விட்டிருக்காங்க’ என்று, பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்ட மாதிரிதான் பேச்சு. ஐடி பேச்சில் ‘பண்ணிட்டாங்க’. விட்டதற்கும் பண்ணியதற்கும் நடுவில் ஒரு வாழ்க்கையே இருக்கிறது. (வேலை, கூலி பற்றிய கணக்கு இந்த வட்டாரத்துக்குப் புதிதும் இல்லை. புதியம்புத்தூருக்குப் பக்கத்து ஊரான ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சிதான் 1908-இல் தூத்துக்குடி கோரல் மில் வேலைநிறுத்தத்தை முன்நின்று நடத்தினார். ஒன்பது நாளில் கூலி உயர்வும் ஞாயிற்றுக்கிழமை லீவும் கிடைத்தன.)

அப்போ ஐடி கம்பெனிகள் செய்வதற்கு என்ன பெயர்?

சட்டத்தில் அதற்குத் தனிச் சொல் இருக்கிறது. ‘ரிட்ரெஞ்ச்மென்ட்’, தமிழில் ஆட்குறைப்பு. தண்டனையாக இல்லாமல், தானாக ராஜினாமா செய்யாமல், ஓய்வு வயதும் வராமல், கம்பெனி தன் காரணத்துக்காக ஒருவரை அனுப்பினால் அது ஆட்குறைப்பு.

பழைய தொழிற்தகராறு சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு, 2020 நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதிலும் லே ஆஃப் தனி, ஆட்குறைப்பு தனி. ஒரு வருடம் தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை ஆட்குறைப்பு செய்தால், காரணம் சொல்லி ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் தர வேண்டும். வேலை பார்த்த ஒவ்வொரு முழு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் தர வேண்டும். மாதம் 60,000 ரூபாய் வாங்கும் ஒருவர் ஆறு வருடம் இருந்திருந்தால், தோராயமாக 1,80,000 ரூபாய், அதோடு நோட்டீஸ் சம்பளம். சம்பளத்தில் எதெல்லாம் கணக்கில் சேரும் என்பதைப் பொறுத்துத் தொகை மாறும். பொதுவாக, கடைசியில் சேர்ந்தவர் முதலில் போக வேண்டும் என்ற விதியும் உண்டு.

இன்னொரு விதி இருக்கிறது, அதைப் பலரும் கவனிப்பதே இல்லை. ஆட்குறைப்பு செய்த ஒரு வருடத்துக்குள் அதே கம்பெனி புதிதாக ஆள் எடுத்தால், முன்பு அனுப்பப்பட்ட தொழிலாளிகளுக்கு வாய்ப்புக் கொடுத்து, அவர்களுக்கு முன்னுரிமை தர வேண்டும். பழைய சட்டத்தில் ஒரு வருடம் என்ற வரம்புகூட இல்லை. ஆக, “திரும்ப எப்பக் கூப்பிடுவாவ?” என்ற அம்மாவின் கேள்விக்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. பையனுக்குத்தான் அது தெரியவில்லை.

‘இதெல்லாம் மில் தொழிலாளிக்கு, ஐடிக்குப் பொருந்தாது’ என்று ஒரு நம்பிக்கை கம்பெனி கேன்டீன்களில் உலவுகிறது. அது முழு உண்மை இல்லை. ஐடி நிறுவனங்களுக்கும் தொழிற்தகராறு சட்டம் பொருந்தும், ஊழியர்கள் சங்கம் வைத்துக்கொள்ளலாம் என்று தமிழக அரசு 2016-லேயே தெளிவுபடுத்தியது. மேலாளர், நிர்வாகி வேலை பார்ப்பவர்களும், குறிப்பிட்ட தொகைக்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளர்களும் ‘தொழிலாளி’ கணக்கில் வர மாட்டார்கள். புதிய தொகுப்பில் மேற்பார்வையாளர்களுக்கான அந்த வரம்பு 18,000 ரூபாய். ஆனால் இதை முடிவு செய்வது விசிட்டிங் கார்டில் இருக்கும் பட்டம் இல்லை, தினமும் செய்யும் வேலை. ‘லீட்’ என்று பெயர் வைத்துக்கொண்டு நாள் முழுக்க கோடு அடிப்பவர் எந்தப் பக்கம் என்பது வாதாடிப் பார்க்க வேண்டிய விஷயம். வாதாட வேண்டுமென்றால், முதலில் நடந்ததற்குச் சரியான பெயர் தெரிய வேண்டும்.

சொல்லை மாற்றினால் கணக்கும் மாறும்

கம்பெனிகளுக்கு இது நன்றாகவே தெரியும். அதனால்தான் இந்த ஒரு செயலுக்கு இத்தனை பெயர். ரைட்சைசிங், ரீஸ்ட்ரக்சரிங், ‘லெட் கோ’, செபரேஷன். 2025 ஜூலையில் டிசிஎஸ் தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம் பேரை, அதாவது 12,000-க்கும் மேற்பட்டவர்களை அனுப்பப் போவதாக அறிவித்தபோது அந்த அறிவிப்பில் இருந்த சொல் ‘ரிலீஸ்’. படம் ரிலீஸ் ஆகிற மாதிரி.

இவற்றில் ஆபத்தானது மென்மையான சொல் இல்லை, ‘நீங்களே பேப்பர் போட்டுடுங்க’ என்ற அன்பான யோசனைதான். “எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர்ல கறை இருக்காது, அடுத்த கம்பெனில கேள்வி வராது” என்று ஹெச்ஆர் எடுத்துச் சொல்வார். பதற்றத்தில் இருப்பவர் கையெழுத்துப் போட்டுவிடுவார். அந்தக் கையெழுத்தோடு அது ராஜினாமா. ராஜினாமாவுக்கு வருடத்துக்கு 15 நாள் கணக்கு கிடையாது, ஒரு வருட முன்னுரிமையும் கிடையாது. கம்பெனி தானாகப் பார்த்துத் தரும் பேக்கேஜ் சில சமயம் சட்டக் கணக்கைவிட அதிகமாகவும் இருக்கலாம், மறுப்பதற்கில்லை. ஆனால் எது அதிகம் என்று ஒப்பிட்டுப் பார்க்கவாவது இரண்டு எண்களும் கையில் இருக்க வேண்டுமே!

கடிதம் கைக்கு வந்ததும் நண்பர்கள் குரூப்பில் ‘லெய்ட் ஆஃப்’ என்று ஸ்டேட்டஸ் போடுவதற்கு முன்னால், அதில் என்ன வினைச்சொல் இருக்கிறது என்று பார்ப்பது நல்லது. ‘டெர்மினேட்’, ‘ரிசைன்’, ‘ரிலீவ்’ ஒவ்வொன்றும் ஒவ்வொரு கதவு. காரணம் எழுதியிருக்கிறதா, நோட்டீஸ் தேதி இருக்கிறதா, ‘பெர்ஃபார்மன்ஸ்’ என்ற சொல் எங்காவது ஒளிந்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். கம்பெனிக்கு ஆர்டர் குறைந்ததற்கும், ஊழியருக்குத் திறமை குறைந்ததற்கும் நடுவில் அந்த ஒரு சொல்தான் நிற்கிறது.

தமிழ்ச் செய்திகளும் இதில் குற்றவாளிதான். ‘5,000 பேர் பணிநீக்கம்’ என்று தலைப்பு வைப்பது பழக்கமாகிவிட்டது. தமிழ்நாட்டில் ‘பணிநீக்கம்’ என்றால் முதலில் நினைவுக்கு வருவது லஞ்சம் வாங்கி மாட்டிய அதிகாரி. சஸ்பெண்டுக்குப் பணியிடைநீக்கம், டிஸ்மிஸுக்குப் பணிநீக்கம் என்று அரசாணைகள் பழக்கிய சொல் அது. தப்பு செய்தவருக்கு வைத்த பெயரை, கம்பெனியின் காலாண்டுக் கணக்குக்காக வெளியே போனவருக்கும் ஒட்டினால், ஊரில் அந்தக் குடும்பம் என்ன பதில் சொல்லும்? “அவன் என்ன பண்ணினானாம்?” என்று கேட்காத சொந்தக்காரர் உண்டா? பெண் பார்க்கும் இடத்தில் அந்தக் கேள்வி இன்னும் கூர்மையாக வரும். ‘ஆட்குறைப்பு’ என்று எழுதினால் பேச்சு கம்பெனியைப் பற்றிப் போகும். எழுத்து எண்ணிக்கையில்கூடப் பெரிய வித்தியாசம் இல்லை, தலைப்பில் இடம் போதாது என்று சாக்குச் சொல்ல முடியாது.

‘லே ஆஃப்’ என்று அப்படியே தமிழில் எழுதலாமா? எழுதலாம், எல்லோருக்கும் புரிகிறது. ஆனால் மில் கேட்டில் ஒட்டும் லே ஆஃப் நோட்டீஸையும் ஐடி பார்க் ஆட்குறைப்பையும் ஒரே சொல்லில் எழுதும் செய்தி, படிப்பவருக்குப் பாதித் தகவலைத்தான் தருகிறது. முதலாவதில் பாதிச் சம்பளம் உண்டு, வேலை போகவில்லை. இரண்டாவதில் வேலை போய்விட்டது, நஷ்டஈடு உண்டு. இதைப் பிரித்துச் சொல்ல ஒரு வரி கூடுதலாக எழுதினால் போதும்.

மெஷின் சும்மா இருக்கும் மாதங்கள்

இப்போது மறுபடி புதியம்புத்தூருக்கு வரலாம். கரிசல் காட்டில் மழையை நம்பி உளுந்தும் பாசியும் சோளமும் போட்ட ஊர் வட்டாரம், ரெடிமேட் தையலுக்குப் பெயர் வாங்கியது. சின்னச் சின்ன யூனிட்டுகள், வீட்டுத் திண்ணையில் மெஷின்கள். துணியை வெட்டிக் கட்டாகக் கொடுப்பார்கள், தைத்துக் கொடுத்தால் பீஸ் கணக்கில் கூலி. தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் ராத்திரியும் மெஷின் சத்தம் கேட்கும். தீபாவளி முடிந்தால் அடங்கிவிடும். 2012 வாக்கில் தமிழ்நாடு முழுக்க மின்வெட்டு பல மணி நேரம் நீண்டபோது, சீசனிலேயே மோட்டார் ஓடாத நாட்களும் இருந்தன.

மின்சாரம் இல்லை, துணி வரவில்லை, சரக்கு தேங்கிவிட்டது. சட்டம் லே ஆஃப் என்று எதை எதைச் சொன்னதோ அத்தனையும் இங்கே வருடா வருடம் நடப்பதுதான். ஆனால் அந்தச் சொல் மட்டும் இந்தத் தெருவுக்குள் வராது. பாதிச் சம்பள விதி 50 பேருக்குக் குறைவான இடங்களுக்குக் கிடையாது. சீசன் தொழிலுக்குக் கிடையாது. பதிவேட்டில் பெயர் வேண்டும், திண்ணையில் தைப்பவருக்குப் பதிவேடு எங்கே இருக்கிறது? பெரிய ஆலைகள் லே ஆஃபுக்கோ ஆட்குறைப்புக்கோ முன்கூட்டியே அரசிடம் அனுமதி வாங்க வேண்டும் என்ற விதி, 1976-இல் வந்தபோது 300 தொழிலாளிகள் உள்ள ஆலைகளுக்கு. பிறகு 1980-களில் அது 100 ஆகக் குறைக்கப்பட்டது. புதிய தொகுப்பில் மறுபடி 300. அந்த மேல் எல்லையைப் பற்றி டிவியில் விவாதம் நடக்கிறது, கீழே இருக்கும் 50 என்ற எல்லையைப் பற்றிப் பேச்சே காணோம். ரெடிமேட் வேலையில் இருப்பவர்களுக்கு அந்த 50-தான் கதவு. சம்பளச் சீட்டு உள்ள பையனுக்குச் சட்டம் இருக்கிறது, பெயர் தெரியவில்லை. மெஷின் மிதிக்கும் அம்மாவுக்கு லே ஆஃப் என்றால் என்னவென்று உடம்புக்கே தெரியும், சட்டம் இல்லை. சீசன் தொழிலாளிக்கும் வேலையில்லா நாட்களுக்கு ஏதாவது ஒரு தொகை என்ற கோரிக்கையை, ஐடி ஆட்குறைப்புக்குக் குரல் கொடுப்பவர்கள் சேர்த்தே எழுப்பலாம். இரண்டும் ஒரே வீட்டுக் கதைதான் பல ஊர்களில்.

அங்கே தீபாவளி கழிந்து மெஷின் மேல் பழைய சேலையைப் போர்த்தி மூடிவைப்பார்கள். யாரும் கடிதம் கொடுக்க மாட்டார்கள், யாரையும் ‘ரிலீஸ்’ செய்ய மாட்டார்கள். கார்த்திகை கழிந்து ஒருநாள் காலையில் கட்டிங் போடும் இடத்திலிருந்து போன் வரும்.

“யக்கா, பொங்கலுக்குத் துணி வந்திருக்கு. ஆள் அனுப்பி எடுத்துக்கிடுங்க.”